கால் நீட்டக் கூடாத சுவர்

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் சந்தேகம் வரும். நான் முதலில் எழுதியதை உடன் தங்கியிருக்கும் அண்ணாச்சி திருத்திக் கொடுத்தார். அதைப் பார்த்து மறுபடி எழுதினேன். இன்னும் பிழை இருந்தால் அது என்னுடையது. ஆட்களின் பெயரையோ இந்த ஊரின் பெயரையோ நான் எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது.

நான் கொத்தனார். அரியலூர்ப் பக்கத்துக்காரன். வளைகுடாவில் முதல் நான்கு வருடம் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேம்பில் இருந்தேன். விசா முடிந்ததும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, எல்லை தாண்டி, பக்கத்து நாட்டில் இருக்கும் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தேன். முசஃபாவின் லாரிச் சத்தத்தில் இருந்து வந்தவனுக்கு இது ஊராகவே தெரியவில்லை. ஒரு மீன் சந்தை, ஒரு பழைய கோட்டை, அதன் பின்னால் சில தெருக்கள், அப்புறம் கடல். கம்பெனிக்குச் சொந்தமாகக் கேம்ப் கிடையாது. எங்களில் ஒன்பது பேருக்கு, துணிக்கடை வைத்திருந்த ஒரு அரபியின் பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். முதலாளியை இங்கே அர்பாப் என்பார்கள். வீட்டுக்காரரையும் நாங்கள் அப்படியே கூப்பிட்டோம்.

வீடு கடல் பாறைக் கல்லால் கட்டியது. சுவர் இரண்டு முழம் கனம். கூரைக்குப் பேரீச்ச மரத் தண்டுகள், அதன் மேல் பாய், அதன் மேல் மண். சின்ன முற்றம், மூலையில் மூடி போட்ட கிணறு. பெரிய அறை ஒன்றில் ஆறு பேர், சின்ன அறையில் மூன்று பேர், இன்னொரு சின்ன அறை சமையலுக்கு. ஜூன் மாதத்தில் கரண்ட் போனால் புது பில்டிங்கில் இருப்பவர்கள் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நாங்கள் தரையில் துண்டை விரித்துத் தூங்குவோம். அந்தச் சுவர் வெயிலை உள்ளே விடாது. காய்ச்சலில் கிடந்தபோதும், ஊரில் அப்பா தவறிய செய்தி வந்து போக முடியாமல் கிடந்தபோதும் அந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் அந்த வீடு என்னைப் பார்த்துக்கொண்டது.

பெரிய அறையின் ஒரு சுவரில் ஒரு மாடம் இருந்தது. விளக்கு வைக்கிற சின்ன மாடம் இல்லை. உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். மேலே வளைவு. தரையிலிருந்து ஏறுவதற்கு மூன்று கல் படி. இரண்டு ஓரத்திலும் எப்போதோ கதவு மாட்டியிருந்த கீல் தடம். வளைவுக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் இரண்டு வரி எழுத்து, புடைத்து நிற்கிற மாதிரி செய்திருந்தார்கள். நான் பூச்சு வேலைக்காரன் என்பதால் எழுத்தைவிட அதைச் செய்த கையைத்தான் முதலில் பார்த்தேன். பூச்சு காய்வதற்குள் இவ்வளவு நேராக வெட்டியிருக்கிறான் என்றால் அவன் சாதாரண ஆள் இல்லை. என்ன எழுத்து என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அரபி நாட்டுச் சுவரில், இவ்வளவு அழகாக, உயரத்தில் எழுதியிருக்கிறது என்றால் அது அல்லாவின் வசனமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டோம். யாரையாவது கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிக்கல் கட்டில் போட்ட அன்றைக்கே ஆரம்பித்தது. இரண்டடுக்குக் கட்டில்கள் மூன்றை அந்த அறையில் ஒரே வாக்கில்தான் போட முடியும். காலை மாடத்துப் பக்கம் நீட்டினால் அது சாமியைப் பார்த்துக் கால் நீட்டுகிற பாவம். தலையை அந்தப் பக்கம் வைக்கலாம் என்றால் அது வடமேற்கு.

"வடக்க தலை வைக்கக் கூடாதுங்க" என்றார் கடலூர்க்காரர் ஒருவர்.

"இது முழு வடக்கு இல்லய்யா. பாதி மேற்கு" என்றார் அண்ணாச்சி. எங்களில் வயதில் மூத்தவர் அவர். திருநெல்வேலிக்காரர், கம்பெனி பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பாதி வடக்கும் வடக்குதான் அண்ணாச்சி. எமன் வந்துருவான்."

"எமனுக்கு இங்க விசா கெடைக்க ரெண்டு மாசம் ஆவும்வே. அதுக்குள்ள தூங்கி எந்திச்சிரலாம்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரும் தலையைத் திருப்பவில்லை, காலையும் நீட்டவில்லை. ஒரு வாரம் ஆறு பேரும் இறால் மாதிரி சுருண்டு படுத்தோம். பகல் முழுக்க சைட்டில் நின்றுவிட்டு வந்து காலை நீட்ட முடியவில்லை என்றால் எப்படி இருக்கும் என்பது வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மேல் கட்டிலில் இருந்த ஒருவர் தூக்கத்தில் காலை நீட்டிவிட்டு, விடிந்ததும் மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "நீரு கொத்தன்தானவே? ஒரு சுவரு வச்சு அடச்சிப்போடும். சாமி அவர் வீட்ல இருக்கட்டும், நாம நம்ம வீட்ல இருப்போம். ரெண்டு பேருக்கும் மரியாத."

அப்படித்தான் அந்த மாடத்தை நான் அடைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். காலையில் குளித்தேன். அன்றைக்கு அறையில் மீன் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சாமி எழுத்தின் மேல் சிமெண்ட் படக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதியாக இருந்தது. பொங்கலுக்குக் கட்ட வைத்திருந்த புது வேட்டி ஒன்று பெட்டியில் இருந்தது. அதை மடித்து எழுத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். அதற்கு முன்னால் சாக்கு, சாக்குக்கு முன்னால் பிளைவுட் பலகை. நான்கு விரல் இடைவெளி விட்டு, மூலைக்கு மூலை ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினேன். கடைசிக் கல்லை வைப்பதற்கு முன் அண்ணாச்சி சூடம் கொளுத்திக் காட்டினார். பூச்சு முடிந்து வெள்ளை அடித்த பிறகு, எங்கே பழைய சுவர் முடிகிறது எங்கே என் சுவர் ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

படிகள் மூன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பெயர்த்து எடுத்துத் தரையையும் பூசிவிட்டேன். நல்ல வழவழப்பான கற்கள். இரண்டைக் குழாயடியில் துணி துவைக்கப் போட்டேன். ஒன்றைக் கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைத்தேன். எழுத்துக்குக் கொடுத்த மரியாதையைக் கல்லுக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அது தப்பாகப் படவே இல்லை.

அர்பாபிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்ற பயம்கூட இல்லை. கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் நின்று, தெரியாத பாஷையில் பேச வேண்டுமே என்ற கூச்சம்தான். எனக்கு எப்போதும் அப்படி. ஃபோர்மேனிடம் லீவு கேட்கக்கூட அண்ணாச்சியைத்தான் அனுப்புவேன்.

வருடங்கள் போயின. ஒன்பது பேரில் ஏழு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஏழு பேர் வந்தார்கள். பழைய ஆட்களில் அண்ணாச்சியும் நானும்தான் மிச்சம். அவரும் வேலை மாறி ஒரு ஹோட்டலில் கார் ஓட்டப் போனார். ஆனால் படுக்க இங்கேதான் வருவார். புது ஆட்களுக்கு அங்கே ஒரு மாடம் இருந்ததே தெரியாது. நாங்களும் மறந்துவிட்டோம் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு, குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில், வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதாக அர்பாப் சொல்லி அனுப்பினார். எங்களுக்கு ஒரு மாதம் தவணை. அந்த மாதத்தில்தான் அந்த அம்மா வந்தார்.

அண்ணாச்சிதான் ஹோட்டலில் இருந்து அவரைக் காரில் அழைத்து வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். சின்ன உருவம், வெள்ளைச் சட்டை, துணித் தொப்பி, கையில் ஊன்றுகோல். அர்பாப் அவருக்கு முன்னால் நடந்து வந்து கதவைத் தட்டினார். பதினோரு வருடத்தில் அவர் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தது அன்றைக்குத்தான். லீவு நாள் என்பதால் எல்லோரும் இருந்தோம். நான் டீ போட்டேன்.

அந்த அம்மா அர்பாபிடம் அரபியில் பேசினார். எங்களைப் பார்த்ததும் இந்திக்கு மாறினார். பம்பாய் இந்தி. "நான் பம்பாயில் வளர்ந்தவள் பாய். ஆனால் என் அப்பா பிறந்தது இந்தத் தெருவில்" என்றார். அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் சில யூதக் குடும்பங்கள் இருந்தன. பஸ்ராவில் இருந்து கப்பலில் வந்து துணியும் மசாலாவும் விற்றவர்கள். இந்தத் தெருவில் மூன்று வீடுகள் அவர்களுடையவை. அதில் ஒன்றைச் சாமி கும்பிட வைத்திருந்தார்கள். சனிக்கிழமை எல்லாக் குடும்பமும் அங்கே கூடும். கப்பல் வியாபாரம் குறைந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனது. கடைசியாகப் போனது இந்த அம்மாவின் தாத்தா. மூன்று வீட்டுச் சாவியையும் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் பம்பாய்க்குக் கப்பல் ஏறினாராம். அந்தக் கடைக்காரர் எங்கள் அர்பாபின் தாத்தா.

"என் தாத்தா பல வருடம் அந்த வீடுகளைப் பூட்டியே வைத்திருந்தார். யாரும் திரும்பி வரவில்லை. பிறகுதான் பேரீச்சம்பழ மூட்டை அடுக்கினோம்" என்றார் அர்பாப். "நான் பையனாக இருந்தபோது இந்த அறையில் மூட்டைகள் கூரை வரைக்கும் இருக்கும். சுவரைப் பார்த்ததே இல்லை. மூன்றில் எது தொழுகை வீடு என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை."

மூன்று வீட்டில் ஒன்று மழையில் விழுந்துவிட்டது. அது சின்ன வீடு, இரண்டு பேர் படுக்கிற அளவுதான் என்று அர்பாபுக்கு நினைவிருந்தது. எதிர் வீட்டை இடித்து சூப்பர்மார்க்கெட்டுக்குக் கார் நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள். நிற்பது எங்கள் வீடு ஒன்றுதான்.

அந்த அம்மாவிடம் ஒரு தாள் இருந்தது. அவருடைய அப்பா சாவதற்கு முன் சொல்லி இவர் எழுதிக்கொண்டது. அப்பா சொன்ன வார்த்தையிலேயே அதைப் படித்தார். பெரிய அறை. எருசலேமைப் பார்த்த சுவரில் ஆள் உயர மாடம். ஏறுவதற்கு மூன்று படி. மேலே இரண்டு வரி எழுத்து. அதைச் சுண்ணாம்பில் செய்தது என் அப்பா. அதை நீ ஒரு முறை போய்ப் பார்.

"அதைப் பார்க்கத்தான் வந்தேன். வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

அர்பாப் அவரிடம் அரபியில் சொன்னது எனக்கும் புரிந்தது. "இது அந்த வீடு என்றால் இடிக்க மாட்டேன். யார் கும்பிட்டாலும் அது இறைவனின் வீடு. மியூசியம் ஆபீஸில் இருந்தும் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் வெறும் பழைய சுவர். பார்ட்னர் காத்திருக்கிறார்."

அந்த அம்மா போனில் திசை பார்த்தார். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். நேராக நான் கட்டிய சுவருக்கு முன்னால் போய் நின்றார். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். ஊன்றுகோலால் இரண்டு இடத்தில் தட்டினார். தரையில் படியின் அடையாளம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். என் பூச்சு ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் டீத் தட்டோடு மூன்றடி தூரத்தில் நின்றேன். அது சாமி எழுத்துதான், ஆனால் நாங்கள் நினைத்த சாமி இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்காமல் வீட்டில் சுவர் வைத்தவன் என்று அர்பாப் போலீஸுக்குச் சொன்னால்? கோயிலை மறைத்தவன் என்று இந்த அம்மா சபித்தால்? படிக்கல்லில் ஜட்டி துவைக்கிறோமே, அதை எந்த வாயால் சொல்வது? அண்ணாச்சி வெளியே கார் பக்கத்தில் நின்றார். அவர் உள்ளே இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்தாவது பேசியிருப்பேன். டீத் தட்டை மட்டும் நீட்டினேன்.

"இங்கே இல்லை" என்றார் அந்த அம்மா. "அப்படியானால் எதிர் வீடுதான். போய்விட்டது."

டீயை வாங்கி முழுதும் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதிரே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு கார்களுக்கு நடுவில் நின்று திசையைப் பார்த்துக்கொண்டார். தொப்பியை எடுத்துவிட்டுத் தலையில் துணியைப் போட்டார். சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து முணுமுணுவென்று படித்தார். தண்ணீர் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. ஒரு அடி தள்ளி நின்று, விட்ட இடத்தில் இருந்து படித்தார். முடித்த பிறகு குனிந்து, தரையில் கிடந்த ஜல்லிக் கல் ஐந்தாறைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அந்த ஜல்லி அதற்கு முந்திய வருடம் மலைக் குவாரியில் இருந்து லாரியில் வந்தது. அங்கே கொட்டிப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்கே சாயங்காலம் அண்ணாச்சி வந்தார்.

"அந்தம்மா நாளைக்கு மத்தியானம் கெளம்புது" என்றார். "பூரா வழியும் பேசல. நானும் கண்ணாடியில பாக்கல. பாவம்வே. மிஷன் பள்ளிக்கூடத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க, ஜெப ஆலயம்னா யூதர்களுக்கு உசுரு."

"அண்ணாச்சி, நாம அடைச்சோமே மாடம்."

"எந்த மாடம்?" என்றவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நீரு அந்தம்மாகூட உள்ளதானவே நின்னீரு" என்றார்.

"பேச்சு வரலண்ணாச்சி. சொன்னா அர்பாப் கம்பெனில சொல்லி விசாவக் கேன்சல் அடிச்சு அனுப்பிட்டா?"

"ஒமக்கு வாயக் குடுத்தது எதுக்குவே? பேச வேண்டியத எல்லாம் சேத்து வச்சு ஊருக்கு கார்கோல போடப்போறீரா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சரி, விடும். காலைல நான் போயி அர்பாப்ட்ட சொல்லுதேன். நான்தான் அடைக்கச் சொன்னேன்னு சொல்லிருதேன்."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. எனக்காக அவர் பழியை வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. கட்டினது நானு" என்றேன்.

காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். அர்பாப் ஒரு பெண்ணுக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தேன். பாதி அரபி, பாதி இந்தி, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அர்பாப், சுவருக்குப் பின்னால் மாடம் இருக்கிறது. எழுத்தும் இருக்கிறது. நான்தான் அடைத்தேன்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "ஏன்?"

ஏன் என்பதற்கு என்னிடம் அரபி இல்லை. கடைத் தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டிக் காட்டினேன். மேலே கையைக் காட்டி, "அல்லா" என்றேன். காலை மடக்கிக்கொண்டு, "மாஃபி, மாஃபி" என்று தலையாட்டினேன். கூடாது என்று சொன்னேன். பிறகு தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்துக் காட்டி, அதுவும் கூடாது என்றேன். கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் பார்க்க நான் எதையும் செய்ததில்லை.

அர்பாப் சிரிக்கவில்லை. "நாங்களும் வசனம் இருக்கும் பக்கம் கால் நீட்ட மாட்டோம்" என்றார். "எழுத்து எப்படி இருக்கிறது?"

"சிமெண்ட் படவில்லை அர்பாப். துணி போட்டிருக்கிறேன்."

"இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?"

நான் தரையில் இருந்து எழுந்து நின்றேன். அவரே பதில் சொன்னார்: "நானும் ஒரு நாள் உள்ளே வந்து உங்களோடு டீ குடித்திருக்கலாம்." போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார். பேசி முடித்ததும், "யல்லா, போகலாம்" என்று கடையின் ஷட்டரை இழுத்து மூடினார். விசாவைப் பற்றியோ போலீஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. அதை எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மா வந்தபோது நான் உளியும் சுத்தியலுமாக நின்றேன். அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். புது ஆட்கள் ஏழு பேரும் கட்டில்களை முற்றத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மேல் வரிசையில் இருந்து ஆரம்பித்தேன். இடிப்பவன் மாதிரி அடிக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கொத்தி, அசைத்து, கையில் வாங்கி இறக்கினேன். நான் வைத்த கலவை நல்ல கலவை. அன்றைக்கு அது எனக்கே எதிரியாக இருந்தது. பலகை தெரிந்தது. பலகையை எடுத்தேன். சாக்கை எடுத்தேன். வேட்டி மஞ்சள் பூத்துப்போய் அப்படியே தொங்கியது. அதை ஆணியில் இருந்து மெல்ல எடுத்தேன். உள்ளே கரையான் பட்டிருந்தால், பூச்சு உதிர்ந்திருந்தால், நான் என்ன பதில் சொல்வேன்?

எழுத்து இருந்தது. முதல் நாள் பார்த்த மாதிரியே இருந்தது. இரண்டாம் வரியின் ஓரத்தில் அன்றைக்கே ஒரு கையகலம் உதிர்ந்திருந்தது. "அது முன்னாடியே உதிர்ந்தது அம்மா. சத்தியமா நான் இல்ல" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கமாக விரலை நகர்த்தி மெல்லப் படித்தார். எல்லாம் பெயர்கள். இந்த இடத்தைக் கட்டக் கொடுத்தவர்களின் பெயர்கள் என்று சொன்னார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "தாத்தா" என்று இந்தியில் எங்களுக்குச் சொன்னார். பிறகு அந்தப் பெயரை அவருடைய பாஷையில், கூப்பிடுகிற மாதிரி இரண்டு முறை சொன்னார்.

நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். அரை மணி நேரம் அவர் தனியாக உள்ளே இருந்தார். அர்பாப் குழாயடியில் உட்கார்ந்து எங்களோடு டீ குடித்தார்.

அந்த அம்மா வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "படிகள் எங்கே?" என்றுதான். அந்த நேரம் நான் பூமிக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அர்பாப் அப்போது உட்கார்ந்திருந்ததே ஒரு படியின் மேல்தான். சொன்னதும் துள்ளி எழுந்தார். இன்னொன்றில் சோப்பு நுரை காய்ந்து கிடந்தது. மூன்றாவதைச் சமையல் அறையில் சிலிண்டரை நகர்த்திக் காட்டினேன். அந்த அம்மா சோப்புப் படிந்த கல்லைக் கையால் தடவினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சும்மா கிடக்காமல் வேலை செய்திருக்கின்றன" என்றார். "துணி நன்றாக வெளுக்குமா?"

"நல்லா வெளுக்கும் அம்மா" என்றேன். என்னை அறியாமல் வந்த பதில். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். "இதை என்ன செய்வது?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். "அது சூப்பர்மார்க்கெட் கல்லும்மா, போடுங்க" என்றார் அவர். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தபடி ஜல்லியை முற்றத்தில் உதறினார். பிறகு அந்த மஞ்சள் பூத்த வேட்டியைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். துவைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், அப்படியே கொடு என்று வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "பாய், இன்றைக்கு எந்தப் பக்கம் கால் நீட்டுவீர்கள்?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். மாடம் திறந்துவிட்டதால் மறுபடி யாராலும் அந்த அறையில் காலை நீட்ட முடியவில்லை. அது அல்லாவின் வசனம் இல்லை என்று தெரிந்த பிறகும் முடியவில்லை. அந்த அறையின் ஆறு பேரும் முற்றத்தில் படுத்தோம். இரண்டு வாரத்தில் அர்பாப் தன்னுடைய வேறு ஒரு பில்டிங்கில் எங்களுக்கு இடம் கொடுத்தார். அங்கேதான் இப்போதும் இருக்கிறோம்.

அவர் வீட்டை இடிக்கவில்லை. பார்ட்னர் கோபித்துக்கொண்டு போனார் என்று கேள்வி. மியூசியம் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பழுது பார்க்கக் கொத்தனார் வேண்டும் என்றபோது அர்பாப் என்னைச் சொன்னார். கம்பெனியும் விட்டது. ஆறு மாதம் அந்த வீட்டில் வேலை செய்தேன். சிமெண்ட் கூடாது, சுண்ணாம்பு மட்டும்தான் என்றார்கள். என் கையால் வைத்த சுவரின் மிச்சத்தையும் என் கையாலேயே எடுத்தேன். படிக்கற்களைச் சோப்புப் போகக் கழுவி, பழைய தடத்தில் பொருத்தினேன். உதிர்ந்த கையகலத்தை மட்டும் வெறுமையாக விடச் சொன்னார்கள். அங்கே என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

வாசலில் அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை வைத்தார்கள். வியாபாரிகளின் வீடு, பிறகு யூதர்களின் தொழுகைக்கூடம், பிறகு பேரீச்சம்பழக் கிடங்கு என்று அதில் இருந்தது. அதோடு முடிந்துவிட்டது. அந்த அம்மா போன குளிர்காலத்தில் மகளோடு மறுபடி வந்தபோது அதைப் படித்துவிட்டு ஆபீஸ்காரரிடம் சண்டை போட்டாராம். "பதினோரு வருடம் இங்கே படுத்தவர்கள் எங்கே? அவர்கள் இல்லையென்றால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஆபீஸில் இருந்து எங்களைக் கூப்பிட்டு, தெரிந்ததை உங்கள் பாஷையிலேயே எழுதிக் கொடுங்கள், வீட்டில் வைக்கிறோம், தமிழ் ஆட்கள் வந்தால் படிக்கட்டும் என்றார்கள். அண்ணாச்சியைத்தான் எழுதச் சொன்னேன். "அடச்சது நீரு, தொறந்தது நீரு, எழுத மட்டும் நானா?" என்று கேட்டுவிட்டார். எழுதலாம் எழுதலாம் என்று ஏழு மாதம் ஓடிவிட்டது.

அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்ததையும், படிக்கல்லில் துணி துவைத்ததையும் மறைக்கவில்லை. இந்த வீட்டைக் கட்டியவர்களுக்கும், சாவியை வாங்கிப் பத்திரமாக வைத்தவருக்கும், அவருடைய பேரனுக்கும், எங்கள் டீயைக் குடித்த அந்த அம்மாவுக்கும், அண்ணாச்சிக்கும் என் வணக்கம். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரிய அறையில் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள். வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் அங்கே குளுமையாக இருக்கும்.

எழுதி முடித்தது 2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை.